பத்து நிமிட இடைவேளைக்கு ஒரு கடை: எங்கள் கல்லூரியின் வெண்டிங் மெஷின்

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் செல்லும் சாலையை ஒட்டிய கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நான் நூலகராகப் பணியாற்றுகிறேன். நூலகத்துக்கு வெளியே, மாடிப்படியின் அடியில், சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் தின்பண்டம் விற்கும் வெண்டிங் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்தியது வெளியூர் நிறுவனம் ஒன்று. இடமும் மின்சாரமும் கல்லூரியினுடையவை. என் மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்த இயந்திரம் நேராகத் தெரியும் என்பதாலும், பசிக்கும்போது நானும் அதில் வாங்கித் தின்கிறவன் என்பதாலும், இதுபோன்ற ஒன்றைத் தங்கள் வளாகத்தில் வைக்கலாமா என்று யோசிக்கும் கல்லூரிகளுக்கும் அதில் பணம் போடும் மாணவர்களுக்கும் உதவட்டும் என்று இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வசதி என்ற வகையில் நன்று, பண்டம் என்ற வகையில் சுமார், போன பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு என்ற வகையில் மோசம்.

ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட, முன்பக்கம் கண்ணாடி பதித்த இரும்புப் பெட்டி அது. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் சுருள்கம்பிகள் படுத்த நிலையில் கிடக்கின்றன. சுருளின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு பாக்கெட் நிற்கிறது. வேண்டிய பண்டத்தின் எண்ணை அழுத்தினால் சிறு திரையில் விலையும் க்யூஆர் குறியீடும் தோன்றும். கைபேசியால் ஸ்கேன் செய்து பணம் செலுத்தியதும் சுருளின் பின்னால் உள்ள மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றி, வரிசையின் முன்னால் நிற்கும் பாக்கெட்டைத் தட்டின் விளிம்பைத் தாண்டித் தள்ளிவிடும். அது கீழே விழும்போது அகச்சிவப்புக் கதிர்களைக் கடந்தால், பொருள் விழுந்துவிட்டது என்று இயந்திரம் அறிந்துகொள்ளும். கடக்கவில்லை என்றால் சுருளை இன்னும் சற்றுச் சுழற்றிப் பார்க்கும். மேல் தட்டுகளில் லேஸ், குர்குரே போன்ற எடை குறைந்த பாக்கெட்டுகளும், நடுவில் பிஸ்கட், கேக், சாக்லேட், கடலை மிட்டாய் வகைகளும், குளிரூட்டப்பட்ட கீழ்த் தட்டுகளில் குளிர்பானம், மோர், தண்ணீர் பாட்டில்களும் உள்ளன. கீழே உள்ள மடிப்புக் கதவைத் தள்ளிக் கையை உள்ளே விட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதுகு வலி உள்ள ஆசிரியர்கள் இதற்கென்றே ஒரு மாணவனை அழைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இயந்திரம் வந்த வேகத்தில் மாணவர்களிடையே பிடித்துப்போயிற்று. அதற்குப் பண்டத்தின் சுவை காரணமாக இருக்க முடியாது, ஏனெனில் அதே பாக்கெட்டுகள் அதே விலைக்குக் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையிலும் தொங்குகின்றன. முதல் காரணம் நேரம். எங்கள் காண்டீன் விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலை இடைவேளை பத்து நிமிடம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கொட்டித் தீர்க்கும் மாவட்டம் இது. ஜூனிலும் சரி, அக்டோபரிலும் சரி, திடலைக் கடந்து போய்த் திரும்புவதற்குள் கால்சட்டை முழங்கால்வரை நனைந்துவிடும். பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கமிருந்தும் ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்தும் வருகிற மாணவர்களில் பலர் முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வீட்டில் எதுவும் சாப்பிடாமல் கிளம்புகிறார்கள். அவர்களுக்குக் காலை இடைவேளையில் கையில் கிடைப்பதுதான் அன்றைய காலை உணவு. அதை நினைத்துக்கொண்டால்தான், இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி ஏன் விளையாட்டான கேள்வியாக இல்லை என்பது புரியும்.

ஆனால் இயந்திரம் உண்மையிலேயே விரைவானதா என்றால், கூட்ட நேரத்தில் இல்லை. எண்ணை அழுத்தி, குறியீடு தோன்றும்வரை காத்திருந்து, ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைப் போட்டு, சுருள் சுழன்று, பாக்கெட் விழுந்து, அடுத்தவர் வருவதற்கு அரை நிமிடமாவது ஆகிறது. காண்டீனில் பரிமாறும் அக்கா அந்த அரை நிமிடத்தில் ஒரு கையால் வடையை எடுத்துக்கொடுத்து மறு கையால் மிச்சத்தைத் தந்து, "மக்களே, அங்கோட்டு மாறி நில்லு" என்று மூன்று நான்கு பேரை அனுப்பிவிடுவார். இடைவேளையில் இயந்திரத்தின் முன்னால் நீண்ட வரிசை நின்றால், கடைசியில் நிற்பவருக்குச் சிப்ஸ் கிடைப்பதற்குமுன் மணி அடித்துவிடுகிறது. அப்படியிருந்தும் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். காண்டீன் மேசையின் முன்னால் வரிசை என்று ஒன்று கிடையாது. முழங்கையால் இடித்து முன்னேறத் தெரிந்தவனுக்குத்தான் முதல் வடை. இயந்திரத்தின் முன்னால் இறுதியாண்டு மாணவனும் முதலாண்டு மாணவியும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்க முடியும், யாரும் யாரையும் முந்துவதில்லை. கூட்டத்துக்குள் நுழையத் தயங்கி, தைரியமுள்ள தோழியிடம் காசைக் கொடுத்து வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்த மாணவிகள் பலர் இப்போது தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

இயந்திரம் மிகுதியாக விற்பது இடைவேளைக்கு வெளியேதான் என்பது என் கணிப்பு. காண்டீன் பிற்பகல் மூன்று மணிக்கே அடுப்பை அணைத்துவிடும். அதற்குப் பிறகு ஆய்வகத்திலிருந்து வெளியே வருகிறவர்கள், என்சிசி பயிற்சி முடித்தவர்கள், பேருந்துக்கு இன்னும் நேரமிருப்பவர்கள், தேர்வுக் காலத்தில் நூலகம் மூடும்வரை படிப்பவர்கள் ஆகிய எல்லாருக்கும் வளாகத்துக்குள் திறந்திருக்கும் கடை இது ஒன்றுதான். தேர்வு நெருங்கும் வாரங்களில் நூலகத்துக்குள் கேட்கும் ஒரே ஓசை அந்த மோட்டார் சுழல்வதும் அதைத் தொடர்ந்து ஏதோ ஒன்று தொப்பென்று விழுவதுமாக இருக்கிறது. நூலகத்துக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்ற விதிமுறைக்கு இதனால் ஏற்பட்ட சோதனையை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை.

பணம் போட்டால் பொருள் தருகிற கருவி பழைய எண்ணந்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஹீரோ என்பவர், நாணயத்தைப் போட்டால் கோயில் தீர்த்தத்தை அளந்து ஊற்றும் கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். 1880களில் லண்டனில் அஞ்சலட்டை விற்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நம்மூரில் ரயில் நிலையத்து எடை பார்க்கும் இயந்திரத்தை எல்லாருக்கும் தெரியும். நாணயம் போட்டால் எடையோடு பலனையும் அச்சிட்டுத் தரும் அந்த அட்டையைச் சேர்த்து வைத்தவர்களும் உண்டு. ஆனால் தின்பண்டத்துக்கு நாணய இயந்திரம் இங்கே வேரூன்றாமல் போனதற்கு நம் நாணயங்களே பெரும் காரணம். ஒரே மதிப்புள்ள நாணயம் பல வடிவமைப்புகளில் புழங்குகிறது. பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர்கள் வாங்க மறுத்ததால், 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் அதை நீட்டினால் முகம் சுளிப்பவர்கள் நம் சந்தைகளில் இருக்கிறார்கள். மனிதரே தயங்கும் காசை இயந்திரம் எப்படி அடையாளம் காணும்? தாள்களை வாங்கும் கருவியோ, கசங்கிய, ஈரம்பட்ட, வியர்வையில் நனைந்த பத்து ரூபாய்த் தாளைத் துப்பிவிடும். 2016 இல் யுபிஐ வந்து, பத்து ரூபாயைக்கூடக் கைபேசியில் கொடுப்பது பழக்கமான பிறகே இந்த இயந்திரத்துக்குக் கல்லூரிகளில் வாழ்வு வந்தது. சில்லறை வேண்டாம், மிச்சம் தரவேண்டாம், கணக்கு எழுத வேண்டாம். எந்தச் சுருள் காலியாகிறது என்பது நிறுவனத்தின் திரையில் தானாகத் தெரிகிறது.

மாணவர்கள் அந்தக் க்யூஆரைப் பயன்படுத்தும் விதம் இயந்திரத்தை வடிவமைத்தவர்களுக்கே தோன்றியிருக்காது. கணக்கில் பணம் இல்லாத ஒருத்தி திரையில் தோன்றும் குறியீட்டைப் படமெடுத்து, மேல்மாடி வகுப்பில் இருக்கும் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அங்கிருந்து தோழி பணம் செலுத்த, இங்கே சுருள் சுழன்று சாக்லேட் விழுகிறது. பிறந்தநாள் விருந்து வைப்பவன் வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு அடுத்தடுத்து வரும் படங்களுக்குப் பணம் கொடுத்துத் தீர்க்கிறான். மாடிப்படியின் அடியில் சிக்னல் பலவீனமாக இருப்பதால், படத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, அங்கே நின்று பணம் அனுப்பிவிட்டு, பாக்கெட் விழுவதற்குள் திரும்பி ஓடிவருகிறவர்களும் உண்டு. இந்த ஓட்டத்தில்தான் வம்பு தொடங்குகிறது.

க்யூஆர் குறியீட்டுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நிமிடந்தான். அது முடிந்த பிறகு பணம் போய்ச் சேர்ந்தால், நிறுவனத்தின் கணக்கில் வரவாகிவிடும், இயந்திரமோ அந்த விற்பனையை ஏற்கெனவே கைவிட்டிருக்கும், சுருள் அசையாது. இன்னொரு வகை இழப்பு கண்ணெதிரே நடப்பது: பாக்கெட் விளிம்புவரை வந்து, சுருளின் நுனியில் மேல் ஓரம் மாட்டிக்கொண்டு, விழாமல் தொங்கும். காற்றடைத்துப் பருத்த சிப்ஸ் பாக்கெட்டுகளே பெரும்பாலும் இப்படித் தொங்குகின்றன. கதிர்களைக் கடக்காத பொருளுக்குப் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்தக் கதிர் வழியில் தூசியோ கிழிந்த காகிதமோ இருந்தால் கணக்கு பிசகிவிடுகிறது. அடுத்து வருபவர் அதே எண்ணை அழுத்தினால் ஒரு விலைக்கு இரண்டு பாக்கெட்டாக விழும் என்பதால், ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் அந்தச் சுருளுக்குத் திடீரென்று கிராக்கி கூடுகிறது. பணம் போட்டவன் காவல் நிற்கிறான். அவனுக்கு ஆதரவாக நண்பர்கள் வந்து இயந்திரத்தை உலுக்குகிறார்கள். இதை மட்டும் யாரும் செய்யவே கூடாது. சில நூறு கிலோ எடையுள்ள பெட்டி அது. அமெரிக்காவில் இப்படிச் சாய்த்தவர்கள் மேல் விழுந்து உயிரிழப்புகளே நேர்ந்த பிறகுதான், சாய்க்காதீர்கள் என்ற எச்சரிக்கைப் படத்தை இயந்திரங்களில் ஒட்டத் தொடங்கினார்கள். எங்கள் இயந்திரத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைக்கும்படி நான் எழுதிக் கேட்டு, அது நடந்தது.

போன பணத்தைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. கணக்கிலிருந்து பணம் கழிந்து, விற்பவர் பக்கம் உறுதிப்பாடு போய்ச் சேராமல் பரிவர்த்தனை நடுவழியில் நின்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, அன்றைய நாளைத் தவிர்த்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடும் உண்டு. ஆனால் பணம் விற்பவரைச் சேர்ந்து, பாக்கெட் மட்டும் விழாமல் போனால், வங்கியைப் பொறுத்தவரை அந்தப் பரிவர்த்தனை வெற்றி. திருப்பித் தர வேண்டியது இயந்திரத்தை நடத்தும் நிறுவனம். அங்கேதான் எங்கள் அனுபவம் கசக்கிறது. கண்ணாடியின் மூலையில் ஒட்டிய சிறு காகிதத்தில் ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கிறது. அதற்கு எழுதினால் ஆங்கிலத்தில் ஒரு தானியங்கி பதில் வரும். பரிவர்த்தனை எண், படம், நேரம் எல்லாம் கேட்கும். அனுப்பிய பிறகு மௌனம். தொகை பத்து, இருபது என்பதால் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், அந்த விட்டுவிடுதலை நம்பியே இந்த ஏற்பாடு ஓடுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. விடாப்பிடியாக எழுதிய ஒரு வணிகவியல் மாணவனுக்குப் பணம் வந்தது. "இருபது ரூவாக்கு இல்ல சார், ஒரு முறை உண்டுல்லா" என்றான் அவன்.

இனிப் பண்டத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு பாராட்டு: இந்த இயந்திரம் பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்குவதில்லை, குளிர்பானத்துக்கும் கூடுதல் கூலி இல்லை. பேருந்து நிலையங்களில் தண்ணீர் பாட்டிலுக்கு வாதாடிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட்டுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்தும் நொறுக்குத் தீனிக்கான வரி 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைந்தபோது, சில பொருள்களின் திரை விலை மாறுவதற்குச் சற்றுத் தாமதமானது உண்மை, மாறிவிட்டது. பத்து ரூபாய் பாக்கெட் பத்து ரூபாயாகவே நீடித்து எடையில் கொஞ்சம் கூடியிருப்பதைப் பாக்கெட்டின் பின்புறம் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

ஆனால் அந்தப் பின்புறத்தைப் படிக்க இயந்திரம் வழி விடுவதில்லை. கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, காலாவதி நாள் கடந்திருந்தால் திருப்பி வைக்கலாம். இங்கே பணம் கொடுத்த பிறகுதான் கையில் வரும். உருளைக்கிழங்கு சிப்ஸ் 50 கிராம் தின்றால் ஏறக்குறைய 270 கலோரி. 250 மில்லி குளிர்பானத்தில் சுமார் 26 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் சேர்க்கைச் சர்க்கரையை நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது. உப்புக்கு அது விதிக்கும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ். மதிய உணவில் ஊறுகாயும் கருவாடும் இருக்கிற கடலோர மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த உப்புக் கணக்கு சிப்ஸ் இல்லாமலே நிரம்பிவிடும். பல்கலைக்கழக மானியக் குழு 2016 இலும் மீண்டும் 2018 இலும் உயர்கல்வி நிறுவனங்களில் நொறுக்குத் தீனிக்குத் தடை விதிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது; பள்ளிகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020 இல் கொண்டுவந்த விதிகளோ, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை வளாகத்துக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் பிள்ளையின் உடம்பு எந்த வகையில் மாறிவிடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தடையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பதினெட்டு வயது நிறைந்தவருக்கு எதிர்க்கடை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நல்ல பண்டமும் அதே பெட்டியில், அதே விலையில், கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

அப்படி வைத்தால் மாணவர்கள் வாங்குவார்கள் என்பதற்குக் கடலை மிட்டாயே சாட்சி. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வகை மிட்டாய் நிற்கும் ஒரே ஒரு சுருள், நிரப்பிய நாளின் மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது. நிலக்கடலையில் கால் பங்கு புரதம். வெறும் வயிற்றோடு வந்தவனுக்கு அது இரண்டு பாடவேளை தாங்கும். அதேசமயம், உடல்நலம் என்று பச்சை நிறத்தில் எழுதி, சிறுதானியம் என்று விளம்பரம் செய்து, மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு விலை வைத்த பாக்கெட்டுகள் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. மாணவர்களுக்கு நல்ல உணவு பிடிக்காது என்று நிறுவனத்தார் இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். நான் பார்த்தவரையில் அவர்களுக்குப் பிடிக்காதது அந்த விலை.

நாஞ்சில் நாட்டுக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பெட்டி நம் பண்டம் ஒன்றைக்கூட விற்காமலிருப்பதுதான் எனக்குப் பெரிய குறை. தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ், மரச்சீனிக் கிழங்கு சிப்ஸ், வெல்லப்பாகில் புரட்டிச் சுக்குப்பொடி தூவிய சர்க்கரை வரட்டி, அச்சு முறுக்கு, வறுத்த சிறுபயறும் தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து உருட்டி மாவில் முக்கிப் பொரித்த முந்திரிக்கொத்து என்று மாவட்டத்தின் எந்த ஊர்க் கடைத்தெருவில் நின்றாலும் மணக்கிற பண்டங்கள் இவை. எங்கள் பக்கத்து வாழைப்பழ வகையான மட்டிப்பழத்துக்கு 2023 இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பச்சைக் குழந்தைக்கு முதல் உணவாக நாம் ஊட்டுகிற அந்தப் பழத்தின் தோல் மிக மெல்லியது; மேல் தட்டிலிருந்து விழுந்தால் கூழாகிவிடும் என்பதால் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மற்றவை ஏன் இல்லை என்று பெட்டியை நிரப்ப வரும் தம்பியிடம் கேட்டேன். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

சுருளில் நிற்கும் பாக்கெட்டுக்கு விறைப்பு வேண்டும். நம் கடைகளில் மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு, வாயைச் சூட்டால் ஒட்டி, மேலே பெயர்ச்சீட்டை ஸ்டேப்ளர் அடித்துத் தருகிறார்கள். அந்தப் பை வளையத்துக்குள் நிமிர்ந்து நிற்காமல் குழைந்து சரியும், சீட்டோ கம்பியில் மாட்டிக்கொள்ளும். நைட்ரஜன் அடைத்த உறையில் மாதக்கணக்கில் மொறுமொறுப்பு கெடாது. மெல்லிய பையில் நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சிப்ஸ் சில நாளிலேயே நமுத்துவிடும். மூலப்பொருள், நிகர எடை, தயாரித்த நாள், விலை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் ஆகியவை உறையில் அச்சாகியிருக்க வேண்டும். அவை இல்லாத பொருளை ஏற்ற நிறுவனம் ஒப்பாது, ஒப்பவும் கூடாது. ஆனால் இவற்றில் எதுவும் தீர்க்க முடியாத சிக்கலில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகவே நல்ல உறையில் அடைத்துத் தரும் கடைகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ளன. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு உரிமப் பதிவும் உறையிடும் கருவியும் எட்டாத பொருள்களில்லை. முந்திரிக்கொத்தைப் பொறுத்தவரை, அது இந்த இயந்திரத்துக்காகவே பிறந்ததோ என்று தோன்றும்: எந்தத் தட்டிலிருந்து விழுந்தாலும் உடையாது, கடிப்பவரின் பல்தான் கவனமாயிருக்க வேண்டும். தடை வேறிடத்தில் இருக்கிறது. எந்தச் சுருளில் எது என்பதை முடிவுசெய்பவர் இந்த ஊரில் இல்லை. எல்லா ஊர்களிலும் விற்பதை இங்கும் ஏற்றினால் அவருக்கு ஒரே கொள்முதல், ஒரே லாரி.

இந்த இயந்திரம் கைக்காசை வாங்காது என்பதால் வளாகத்தில் சிலர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். வகுப்பறைகளைக் கூட்டும் பணியாளர்களில் ஸ்மார்ட்போன் இல்லாத அக்காமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கடந்துபோன மாணவியிடம், "மக்களே, எனக்கு அந்தப் பிஸ்கட் ஒண்ணு எடுத்துத் தருவியா?" என்று பத்து ரூபாய்த் தாளை நீட்டியதையும், அவள் தன் கைபேசியில் பணம் கட்டி, குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "பைசா இருக்கட்டு அக்கா" என்று நழுவப் பார்த்ததையும், அக்கா விடாமல் தாளை அவள் பையில் செருகியதையும் பார்த்தேன். திரையில் தமிழும் இல்லை. படித்த பிள்ளைகளுக்கு அது தடையில்லை என்றாலும், தமிழ்நாட்டுக் கல்லூரியில் நிற்கும் இயந்திரம் பணம் திரும்பப் பெறும் வழியையாவது தமிழில் சொல்ல வேண்டும்.

பராமரிப்பில் குறை சொல்ல அதிகமில்லை. மழைக்காலத்தில் குளிரூட்டிய கண்ணாடியின் மேல் நீர் கோத்து உள்ளே இருப்பது தெரியாமல் போகிறது. மாணவர்கள் உள்ளங்கையால் துடைத்துப் பார்க்கிறார்கள். மின்சாரம் போய்வந்தால் இயந்திரம் மறுபடி இணையத்தோடு சேர்வதற்குச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்துக்குள் பணம் செலுத்த வேண்டாம். குப்பைதான் தொல்லை. பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன இந்த உறைகளை மறுசுழற்சிக்கு எடுப்பார் இல்லை. பெட்டியை வைத்த நிறுவனம் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டியை வைக்க மறந்துவிட்டது, கல்லூரி வைத்த தொட்டி ஒரு மணி நேரத்தில் நிரம்புகிறது, மிச்சம் மழைநீர் ஓடையில் அடைகிறது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் கருத்துக் கேட்டபோது, இயந்திரம் இருக்கட்டும் என்றே எழுதிக்கொடுத்தேன். கண் மட்டத்துத் தட்டில் இரண்டு சுருளை இந்த மாவட்டத்துப் பண்டங்களுக்கு ஒதுக்க வேண்டும், கடலை மிட்டாய்க்கு இன்னொரு சுருள் வேண்டும், விழாத பொருளுக்கு மூன்று நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், அதற்குப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் எண்ணும் தமிழில் ஒட்டப்பட வேண்டும் என்பவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அவை நடப்பாகும்வரை வாங்குவோர் செய்யக்கூடியது சில உண்டு. எண்ணை அழுத்துமுன் அந்தச் சுருளின் முன் பாக்கெட் நேராக நிற்கிறதா, கம்பியின் மேல் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் வேறு எண்ணுக்குப் போங்கள். க்யூஆரைப் படமெடுத்து ஓடாதீர்கள். சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே பணம் கட்டுங்கள். பாக்கெட் விழாவிட்டால் திரையையும் தொங்கும் பாக்கெட்டையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் எண் கேட்கப்போவது அதைத்தான். பெட்டியைக் காலையில் ஒருமுறைதான் நிரப்புகிறார்கள் என்பதால், நான்கு மணிக்கு மேல் மோர் கிடைக்கும் என்று நம்பி யாரும் மாடி இறங்கி வரவேண்டாம்.